சான் ரஃபேல் ஸ்வெல் பாலைமலைத் தடங்களில் ஏடிவி பயணம்: குழுவாகப் போவோருக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இன்டர்ஸ்டேட் 70 நெடுஞ்சாலை கிரீன் ரிவர் ஊரைத் தாண்டியதும், சலைனா வரை சுமார் 110 மைலுக்கு ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. அந்தச் சாலை ஊடறுத்துப் போகும் பிரம்மாண்டமான பாறை மேடுதான் சான் ரஃபேல் ஸ்வெல். இதில் பெரும்பகுதி எமரி கவுண்டியில் (மாவட்டத்தில்) அடங்குகிறது. கிழக்கு விளிம்பில் ரீஃப் எனப்படும் மணற்பாறைச் சுவர் செங்குத்தாக எழுந்து நிற்கும். உள்ளே வறண்ட ஓடைகள், களிமண் மேடுகள், படிக்கட்டாக உடைந்த பாறைகள். 1950களில் யுரேனியம் தேடி வந்தவர்கள் புல்டோசரால் கீறிவிட்டுப் போன தடங்கள் பலவற்றில்தான் இன்று ஏடிவிகள் (கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கர வண்டிகள்) ஓடுகின்றன. அவை பயணிகளுக்காகப் போட்ட பாதைகள் அல்ல என்பதை ஏறிய முதல் மேட்டிலேயே முதுகு சொல்லிவிடும்.

திட்டம் போடும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: வண்டி நின்றுபோனால் நடந்து திரும்ப முடியுமா? இந்த மாதிரித் தரையில் மணிக்கு 3 கி.மீ. நடக்கலாம். 20 கி.மீ. உள்ளே போயிருந்தால் ஏழு மணி நேர நடை. 35 டிகிரி வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் முதுகில் ஏழு கிலோ சுமக்க வேண்டும். அதே 20 கி.மீ. ஏடிவியில் ஒரு மணி நேரச் சவாரி. கால்கள் மீட்டுவர முடியாத தூரத்துக்கு வண்டி நம்மைச் சுலபமாகக் கொண்டுபோய் விட்டுவிடும். துணை வண்டிகள் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். கீழே வரும் அளவுகள், முறைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கே அடிப்படை.

## எப்போது, எத்தனை பேர், எந்த அனுமதியோடு

மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரையும் நல்ல பருவம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் ஒருபக்கம், பிற்பகல் இடிமழை கொண்டுவரும் திடீர் வெள்ளம் மறுபக்கம். வசந்தத்தில் பகல் இதமாக இருந்தாலும் இரவு உறைநிலைக்கு இறங்கக்கூடும்; ஒருநாள் பயணம்தானே என்று குளிர்ச்சட்டையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வண்டிகள் குறைந்தது இரண்டு. மூன்று இருந்தால்தான் நிம்மதி: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கலாம், ஒருவர் உதவி தேடிப் போகலாம். ஆறுக்கு மேல் போனால் புழுதியும் காத்திருப்பும் சேர்ந்து நாளைத் தின்றுவிடும்; இரண்டு குழுவாகப் பிரிந்துவிடுவதே மேல்.

யூட்டாவில் பொது நிலத்தில் ஏடிவி ஓட்டும் ஒவ்வொருவரும் 2023 முதல் மாநிலத்தின் இணையவழி ஓட்டுநர் பாடத்தை முடித்திருக்க வேண்டும். 18 வயது நிரம்பியவர்களுக்கு அது இலவசம். 18க்குக் கீழ் இருப்பவர்களுக்கு ஹெல்மெட் சட்டப்படிக் கட்டாயம். மற்றவர்களுக்குப் பாறை கட்டாயமாக்கும். வேறு மாநிலப் பதிவுள்ள வண்டிக்கு வெளிமாநில அனுமதி வாங்க வேண்டும். வாடகை வண்டி என்றால் இவற்றில் எது அவர்கள் பொறுப்பு, எது உங்கள் பொறுப்பு என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

வரைபட விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நிலத்தின் பெரும்பகுதி பி.எல்.எம். எனப்படும் கூட்டாட்சி நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் உள்ளது. 2019இல் வந்த டிங்கெல் சட்டம் இங்கே பெரும் பரப்பைக் காட்டுப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது; அவற்றுக்குள் எஞ்சின் வைத்த எதுவும் நுழையக் கூடாது. எல்லை பல இடங்களில் தடத்தின் ஓரத்திலேயே தொடங்குகிறது. திறந்திருக்கும் தடங்களின் பட்டியலும் அண்மை ஆண்டுகளில் திருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே யாரோ பத்து வருடத்துக்கு முன் பதிவேற்றிய ஜிபிஎஸ் தடத்தை நம்பிப் போகாமல், பயணத்துக்கு முந்தைய வாரம் பி.எல்.எம். அலுவலகத்தின் நடப்பு வரைபடத்தைப் பாருங்கள். போனில் ஆஃப்லைன் வரைபடம் ஒன்று, அதோடு நனையாத உறையில் காகித வரைபடம் ஒன்று. வெயிலில் போன் சூடேறி அணைந்துவிடுவது இங்கே அன்றாடம் நடப்பது.

தடத்தின் அகல வரம்பையும் பாருங்கள். சில தடங்கள் 50 அங்குலத்துக்கு உட்பட்ட வண்டிக்கு மட்டும், சில மோட்டார் சைக்கிளுக்கு மட்டும். 'ஃபைவ் மைல்ஸ் ஆஃப் ஹெல்' என்ற பெயரைப் பார்த்து ஆர்வப்பட வேண்டாம். அது தேர்ந்த மோட்டார் சைக்கிள்காரர்களுக்கான தடம்.

புதிய குழுவுக்கு ஸ்வெல்லின் தென்பாதியில் மெக்கே ஃப்ளாட், ரெட்ஸ் கேன்யன் பக்கத்து மண் சாலைச் சுற்று பொருத்தம். அகலமான பாதை, தொலைதூரக் காட்சிகள், பழைய சுரங்கங்கள். அதை அலுப்பில்லாமல் முடித்தவர்கள் ரீஃப் சுவரின் உட்பக்கமாகச் செல்லும் 'பிஹைண்ட் த ரீஃப்' தடத்தை நினைக்கலாம். அதில் பாறைப் படிகள் உண்டு. வழியில் குறுக்கிடும் கிராக் கேன்யன், லிட்டில் வைல்ட் ஹார்ஸ் போன்ற இடுக்குப் பள்ளத்தாக்குகளுக்குள் நடந்து மட்டுமே போகலாம். இன்டர்ஸ்டேட் 70க்கு வடக்கே ஈவா கொனோவர், டெவில்ஸ் ரேஸ்ட்ராக் இரண்டும் இன்னும் கரடுமுரடானவை. ஓட்டுநர் எல்லோரும் பாறையில் பழகியவர்களாக இருந்தால் மட்டும் போகலாம்.

## வண்டியைத் தயார் செய்தல்

டயரிலிருந்து தொடங்குங்கள். பாறைத் தரைக்கு ஆறு பிளை (டயரின் அடுக்குத் தடிமன்) குறைந்தபட்சம், எட்டு பிளை நல்லது. பெரும்பாலான சுமை ஏடிவிகளுக்குக் காற்று 5 முதல் 7 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) தான், சரியான எண் வண்டியில் ஒட்டிய லேபிளில் இருக்கும். கார் டயருக்கான அளவுமானி இந்தக் குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. 0–15 பி.எஸ்.ஐ. அளவுமானி தனியாக வாங்குங்கள். மணலுக்காகக் காற்றை ஒரு பி.எஸ்.ஐ. குறைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். குறைந்த காற்றோடு பாறை விளிம்பில் இடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், அல்லது ரிம்முக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்கிப் பக்கச்சுவர் வெட்டுப்படும்.

அடுத்தது ஏர் ஃபில்டர். ஸ்வெல்லின் புழுதி மாவைப் போல மிருதுவானது. குழுவாகப் போகும்போது பின்வண்டிகள் அதைத்தான் நாள் முழுக்கக் குடிக்கின்றன. ஃபோம் வகை என்றால் கழுவிக் காயவைத்து ஃபில்டர் எண்ணெய் தடவி மாட்டுங்கள். காகித வகை என்றால் புதிது. இரண்டிலும் ஃபில்டர் தன் பெட்டியில் (ஏர்பாக்ஸில்) உட்காரும் விளிம்பில் மெலிதாக கிரீஸ் பூசினால் ஓரத்தில் நுழையும் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். மாற்று ஃபில்டர் ஒன்றைப் பையில் போட்டுக் கட்டிவையுங்கள்.

பொலாரிஸ், கேன்-ஆம், யமஹா ஏடிவிகளில் பெரும்பாலானவை பெல்ட்டால் ஓடும், கியர் விகிதம் தானாக மாறும் சி.வி.டி. வகை. பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோலப் பளபளத்தாலோ, நூல் பிரிந்திருந்தாலோ கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். கழற்றியது மோசமாக இல்லையென்றால் அவசரத்துக்கு எடுத்துவைக்கலாம். ஹோண்டாவின் சுமை ஏடிவிகளில் பெல்ட் கிடையாது, இந்தக் கவலையும் கிடையாது.

ரேடியேட்டரில் சென்ற பயணத்தின் சேறு காய்ந்து அடைத்திருக்கும். விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் இதழ்களை மடக்கிவிடும். பிரேக் பேட், சக்கர நட்டுகள், சி.வி. ஜாயின்ட்டின் (சக்கர அச்சின் வளையும் மூட்டின்) ரப்பர் உறை, டை-ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனைகள்: இவற்றைக் கையால் ஆட்டிப் பார்ப்பது பத்து நிமிட வேலை. சைலன்சர் முனையில் தீப்பொறித் தடுப்பான் இருக்க வேண்டும், அது சட்டம். அடித்தட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவில் சிக்கும் காய்ந்த புல்லை ஒவ்வொரு நிறுத்தத்திலும் எடுத்துவிடுங்கள். வண்டி தீப்பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

## பெட்ரோலும் தண்ணீரும்

17 லிட்டர் டேங்க் கொண்ட 500–600 சிசி ஏடிவி நல்ல மண் பாதையில் சுமார் 150 கி.மீ. ஓடலாம். மணலிலும் லோ கியர் ஏற்றத்திலும் அது 90க்கு இறங்கினாலும் வியப்பதற்கில்லை. கணக்கை எப்போதும் மூன்றில் ஒரு பங்காகப் போடுங்கள்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. குழுவின் தூரத்தைத் தீர்மானிப்பது சின்ன டேங்க் உள்ள வண்டி. கூடுதலாக வண்டிக்கு நான்கு லிட்டர் வீதம், பெட்ரோலுக்கென்றே செய்த சிவப்புக் கேனில் எடுங்கள். கேனைப் பின்பக்க ரேக்கில் சைலன்சருக்கு எதிர்ப்புறம் கட்ட வேண்டும். டெம்பிள் மவுன்டன் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் ஹாங்க்ஸ்வில் அல்லது கிரீன் ரிவரிலேயே நிரப்பிவிட வேண்டும், நடுவில் வழியில்லை.

தண்ணீர் ஆளுக்கு ஒருநாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர். 30 டிகிரிக்கு மேல் என்றால் ஆறு. இரவு தங்க நேர்ந்தால் என்ற கணக்கில் குழுவுக்குப் பொதுவாக இன்னும் பத்து லிட்டர். ஒரே கேனில் எல்லாவற்றையும் ஊற்றாதீர்கள். ஒரு பாறை முனை போதும், மொத்தமும் மண்ணுக்குப் போய்விடும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடலில் உப்புச்சத்து இறங்கித் தலைவலி, குமட்டல் வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலமோ உப்புக்கடலையோ கூடவே இருக்கட்டும்.

ரேக்கில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று ரேக்கிலேயே எழுதியிருக்கும். அந்த எண் சமதளத்துக்கானது என்று எடுத்துக்கொண்டு, மலைக்குப் பாதியை ஏற்றுவது எங்கள் பழக்கம். கனமான பொருள் கீழே, நடுவே. பின்ரேக்கில் உயரமாகக் கட்டிய பெட்டிதான் ஏற்றத்தில் வண்டியைப் பின்பக்கம் கவிழ்க்கும்.

## கருவிகளைப் பங்கிடுதல்

ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் சுமக்கத் தேவையில்லை. ஆனால் அவரவர் வண்டிக்கே உரிய பொருள்களான பெல்ட், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஃப்யூஸ் ஆகியவை அவரவர் வண்டியில்தான் இருக்க வேண்டும். பொதுக் கருவிகளை இப்படிப் பிரிக்கலாம்:

- முன்வண்டியில் வரைபடம், செயற்கைக்கோள் கருவி, முதலுதவிப் பையின் ஒரு பாதி, வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி).
- நடுவண்டிகளில் 12 வோல்ட் ஏர் கம்ப்ரசர், பொதுத் தண்ணீர், கூடுதல் பெட்ரோல்.
- கடைசி வண்டியில் கருவிப் பை, பஞ்சர் கிட், இழுவைப் பட்டை, முதலுதவியின் மறுபாதி.

கருவிப் பை கடைசி வண்டியில் இருக்கக் காரணம் உண்டு. பழுதான வண்டியைத் தாண்டி முன்னே போய்விட்ட பை திரும்பி வரக் காத்திருக்க வேண்டும். பின்னால் வரும் பை தானாக வந்து சேரும்.

கருவிகளில் 8, 10, 12, 13, 14, 17 மி.மீ. சாக்கெட்டுகள், டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) முனைகள், கட்டிங் பிளேயர், லாக்கிங் பிளேயர், டயர் லீவர் போதும். டார்க்ஸை மறந்தால் கேன்-ஆம் வண்டியில் பாதி இடத்தைத் திறக்க முடியாது. அதோடு கட்டுக்கம்பி, ஜிப் டை, ஹோஸ் கிளாம்ப், எபாக்சி பசை, நாடா. பஞ்சர் கிட்டில் துளையை அடைக்கும் ரப்பர் திரிகள் இருபதாவது இருக்கட்டும். ஒரு பக்கச்சுவர் வெட்டுக்கே ஐந்தாறு போய்விடும். 16 கிராம் சி.ஓ.2 குப்பிகளை நம்புகிறவர்கள் ஒரு டயருக்கு மூன்று நான்கு தேவைப்படும் என்று கணக்கிட்டு எடுங்கள்.

முதலுதவியில் டூர்னிக்கே (ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டை), அழுத்தக் கட்டு, வளைத்துப் பொருத்தும் ஸ்பிளின்ட், முக்கோணத் துணி, வெப்பக் காப்புப் போர்வை இருக்க வேண்டும். இங்கே நேரும் காயங்களில் கழுத்தெலும்பு, மணிக்கட்டு, கணுக்கால் முறிவும் வண்டியடியில் நசுங்கலும்தான் கவலைக்குரியவை. பிளாஸ்திரி டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

## தொடர்பு

செல்போன் சிக்னல் இங்கே மேட்டு முனைகளில் எப்போதாவது எட்டிப் பார்க்கும். வண்டிக்கு வண்டி பேச எஃப்.ஆர்.எஸ். எனும் சிறு கைரேடியோவுக்கு உரிமம் தேவையில்லை; திறன் அதிகபட்சம் 2 வாட், பாறை வளைவு ஒன்று வந்தால் ஒலி அறுந்துவிடும். ஜி.எம்.ஆர்.எஸ். எனும் ரேடியோ வகை கூடுதல் திறன் கொண்டது. அதற்கு எஃப்.சி.சி. (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) உரிமம் வேண்டும்: தேர்வு இல்லை, கட்டணம் 35 டாலர், பத்து ஆண்டு செல்லும், நெருங்கிய குடும்பத்தார் அதே உரிமத்தில் பேசலாம்.

வெளியுலகோடு பேச செயற்கைக்கோள் செய்திக் கருவியோ, 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனோ குழுவுக்கு ஒன்றாவது அவசியம். இரண்டுக்கும் திறந்த வானம் வேண்டும். இடுக்குப் பள்ளத்தாக்கின் அடியில் நின்று பொத்தானை அழுத்தினால் செய்தி போகாமல் போகலாம், மேட்டுக்கு ஏறி அனுப்புங்கள். வீட்டில் ஒருவரிடம் தட வரைபடம், வண்டி நிறம், டிரெய்லரை நிறுத்தும் இடம் மூன்றையும் கொடுத்து, "இத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் எமரி கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிடு" என்று ஒரு நேரமும் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

## கிளம்பும் முன் ஐந்து நிமிடப் பேச்சு

குழுவில் யார் முன்னால், யார் கடைசி என்று முடிவு செய்யுங்கள். வழி தெரிந்தவர் முன்னால். பழுது பார்க்கத் தெரிந்தவர் கடைசியில். புதியவர் முன்வண்டிக்கு அடுத்து வர வேண்டும். அவரைக் கடைசியில் போட்டால் எட்டிப்பிடிக்கும் அவசரத்தில் தன் திறமைக்கு மேல் ஓட்டுவார்.

திரும்பத் தொடங்கும் நேரத்தையும் இப்போதே அறிவியுங்கள். காலை 8 மணிக்குக் கிளம்பி, இருட்டு 7 மணிக்கு என்றால், எங்கே இருந்தாலும் பிற்பகல் 1 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். "அந்த முனைதானே, இதோ வந்துவிட்டது" என்று சொல்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். நேரத்தை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவைத்திருந்தால் வாதம் நீளாது.

ஓடும்போது இடைவெளி, முன்வண்டியின் புழுதி அடங்கும் தூரம். காற்றில்லாத நாளில் அது 200 மீட்டர்கூட ஆகலாம். கண்ணில் படாத ஆளை எப்படிக் காப்பது? கிளைப்பாதை விதியால்: ஒவ்வொரு கிளைப்பாதையிலும், பின்னால் வருபவர் தன்னைப் பார்த்துவிட்டார் என்று உறுதியாகும்வரை அவரவர் நிற்க வேண்டும். பார்த்ததும் புறப்படலாம். இந்த ஒன்றை எல்லோரும் கடைப்பிடித்தால் யாரும் வழிதவற மாட்டார்கள். எதிரே வரும் குழுவுக்கு, உங்கள் பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்று விரலால் காட்டுங்கள். கடைசி ஆள் மூடிய முஷ்டியைக் காட்டுவார்.

## தரைக்குத் தரை ஓட்டும் முறை

ஊரில் பைக் ஓட்டிப் பழகியவர்கள் முதலில் மறக்க வேண்டியது காலை ஊன்றும் பழக்கம். வண்டி சாய்கிறது என்றதும் கால் தானாகத் தரைக்குப் போகும். ஏடிவியில் பின்சக்கரம் அந்தக் காலின் மேல் ஏறிவிடும். கால் எப்போதும் படியில். திருப்பத்தில் பைக் தானாகச் சாயும், ஏடிவி சாயாது. உடலைத்தான் திருப்பத்தின் உட்பக்கம் நகர்த்த வேண்டும்.

மணல் ஓடை: நுழையும் முன்பே நான்கு சக்கர இயக்கத்தைப் போடுங்கள், சிக்கிய பிறகு போட்டால் தாமதம். சீரான வேகம், மென்மையான ஸ்டீயரிங். சக்கரம் வெறுமனே சுற்றினால் உடனே த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) விடுங்கள். இன்னும் அழுத்தினால் வண்டி அடித்தட்டு வரை புதையும். சக்கரங்களுக்குப் பின்னால் மணலைக் கையால் அள்ளிவிட்டுப் பின்பக்கமாக எடுப்பது பெரும்பாலும் வேலை செய்யும்.

பாறைப் படிகள்: இறங்கி நடந்து பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, தேர்ந்தவர்கள்தான் அதிகம் இறங்கிப் பார்க்கிறார்கள். உயரமான கல்லைச் சக்கரங்களுக்கு நடுவில் விடாமல், சக்கரத்தை அதன் மேல் ஏற்ற வேண்டும். வயிற்றுப் பகுதியின் இடைவெளி ஒரு அடிக்கும் குறைவு. படி உயரமாக இருந்தால் கல் அடுக்கி ஏறிவிட்டு, கடைசி வண்டி கற்களைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு வரட்டும். ஒருவர் முன்னால் நின்று கை காட்ட, மற்றவர் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூன்று பேர் மூன்று திசை காட்டினால் வண்டி நான்காவது திசையில் போகும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு த்ராட்டில் கொடுத்தால் முன்பக்க சி.வி. ஜாயின்ட் உடையும். இங்கே அச்சு முறிவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம்.

ஏற்றம்: அடிவாரத்திலேயே லோ கியர். ஹை கியரில் மெதுவாக ஏறும்போதுதான் பெல்ட் நழுவிச் சூடேறிக் கருகும். உடலை முன்னுக்குச் சாய்த்து, நேராக ஏறுங்கள். முன்வண்டி உச்சியைத் தாண்டிக் குரல் கொடுத்த பிறகே அடுத்தவர் தொடங்க வேண்டும்.

பாதியில் நின்றுவிட்டால் செய்வது இதுதான். எடையை மேட்டுப் பக்கமே வைத்து பிரேக்கைப் பிடியுங்கள். வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியிருந்தால் முன்பிரேக்கைச் சிறிது சிறிதாக அழுத்த வேண்டும். பின்பிரேக்கைப் படக்கென்று அழுத்தினால் வண்டி பின்னால் குட்டிக்கரணம் போடும். நின்றதும் பார்க்கிங் பிரேக் போட்டு, மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். தனியாகத் திருப்ப முயல்வதைவிட, நாலு பேர் இருக்கும் குழுவில் இருவர் முன்ரேக்கைப் பிடித்துக்கொள்ள, மெல்ல மெல்லக் குறுக்கே கொண்டுவந்து திருப்புவது பாதுகாப்பு. வண்டிக்குக் கீழ்ப்புறம் மட்டும் யாரும் நிற்கவே கூடாது. வண்டி கை நழுவினால் விட்டுவிடுங்கள். வண்டிக்குக் காப்பீடு உண்டு.

இறக்கம்: லோ கியர், நான்கு சக்கர இயக்கம், உடல் பின்னால். எஞ்சினே வேகத்தைப் பிடிக்கட்டும். சில மாடல்களில் எஞ்சினின் இந்தப் பிடிப்பு நான்கு சக்கர இயக்கம் போட்டால்தான் முன்சக்கரங்களுக்கும் கிடைக்கும். நியூட்ரலில் உருட்டுவது இங்கே தற்கொலைக்குச் சமம்.

பக்கச் சரிவை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாதபோது உடலை மேட்டுப் பக்கம் சாய்த்து, மெதுவாகப் போங்கள். வழுக்கினால் பள்ளத்தின் பக்கமாகத் திருப்பி நேராக இறங்கிவிடுவதுதான் கவிழாமல் தப்பும் வழி.

மழை பெய்த களிமண்: ஸ்வெல்லின் சாம்பல், ஊதா நிற மேடுகளில் பென்டோனைட் களிமண் இருக்கிறது. நனைந்தால் டயரின் கட்டைகளுக்கு நடுவில் அப்பிக்கொண்டு சக்கரத்தை மொழுமொழுவென்று ஆக்கிவிடும். இதற்கு ஓட்டும் நுணுக்கம் எதுவும் கிடையாது. காயும்வரை காத்திருங்கள். காற்றும் வெயிலும் இருந்தால் சில மணி நேரம், இல்லையென்றால் ஒரு நாள். பொதுத் தண்ணீர் பத்து லிட்டர் எதற்கு என்று இப்போது விளங்கும்.

## பழுதானால்

பஞ்சர்: துளை என்றால் திரியைப் பசை தடவிச் செருகிக் காற்றடித்தால் முடிந்தது. பக்கச்சுவர் வெட்டு என்றால் பல திரிகளை அருகருகே நெருக்கிச் செருகுங்கள், காற்றைக் குறைவாக அடித்து மெதுவாக வெளியேறுங்கள். டயர் ரிம்மிலிருந்து கழன்றிருந்தால், டயரைச் சுற்றி இழுவைப் பட்டையைக் கட்டி இறுக்கிக்கொண்டு காற்றடித்தால் விளிம்பு மீண்டும் உட்காரும். அது உட்காரும் சத்தம் வந்ததும் பட்டையைத் தளர்த்திவிடுங்கள்.

பெல்ட்: ரப்பர் கருகும் நாற்றம், எஞ்சின் உறுமியும் வண்டி நகராமை. முதலில் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். மூடியைக் கழற்றி, அறுந்த நூல்களை ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். கிளட்ச்சின் பின்னால் சுற்றியிருக்கும் நூலை விட்டுவிட்டால் அது ஆயில் சீலை அறுத்துப் பெரிய செலவு வைக்கும். புதிய பெல்ட்டில் அம்புக்குறி இருக்கும், பழையதில் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் மாட்டுங்கள். அடுத்த 30 கி.மீ. மென்மையாக ஓட்ட வேண்டும்.

சூடேறுதல்: விசிறி சுற்றுகிறதா, ஃப்யூஸ் போயிருக்கிறதா, ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்ற வரிசையில் பாருங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். கூலன்ட் குறைந்திருந்தால் ஆறிய பின் தண்ணீர் ஊற்றலாம். அது குடிதண்ணீர் என்பதால் ஊற்றுவதா, வண்டியைக் கட்டி இழுப்பதா என்பதைக் குழு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

டை-ராடு வளைந்தாலோ முறிந்தாலோ, நீளமான ஸ்பேனரை அணைகொடுத்து ஹோஸ் கிளாம்ப்பால் இறுக்கினால் நடைவேகத்தில் வெளியே வரலாம்.

கவிழ்ந்த வண்டி: முதலில் ஆள், பிறகு வண்டி. நிமிர்த்திய உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். எண்ணெய் ஏர்பாக்ஸிலும் சிலிண்டரிலும் இறங்கியிருந்தால், ஸ்டார்ட்டர் சுழற்றும்போது பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளையும். பத்து நிமிடம் நிறுத்தி வைத்து, எண்ணெய் அளவையும் ஏர்பாக்ஸையும் பாருங்கள். ஏர்பாக்ஸில் எண்ணெய் இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சில நொடி சுழற்றி வெளியேற்ற வேண்டும். பின்பு சிறிது நேரம் நீலப்புகை வருவது இயல்பு.

வின்ச்: இங்கே கட்டுவதற்கு மரம் கிடையாது. இன்னொரு ஏடிவியோ, அசையாத பாறையோதான் நங்கூரம். பாறை விளிம்பில் பட்டை உரசும் இடத்தில் மிதியடியோ சாக்கோ மடித்து வையுங்கள். உருளையில் குறைந்தது ஐந்து சுற்று எஞ்சியிருக்கட்டும். எஞ்சினை ஓடவிடுங்கள், இல்லையென்றால் மீட்ட வண்டியோடு பேட்டரி தீர்ந்த இன்னொரு வண்டியும் சேரும். கயிற்றின் மேல் கனமான துணியைப் போட்டு, எல்லோரும் கயிற்றின் நீளத்துக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும்.

## வெள்ளம், வெப்பம், சுரங்கம்

வெள்ளத்துக்கு உங்கள் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதில்லை. பல மைல் தள்ளிப் பெய்தது வெறும் பாறையில் வழிந்து ஓடைக்கு வந்துவிடும். ஓடையில் திடீர்க் காற்று, உறுமல், கலங்கிய நீர் எது தெரிந்தாலும் வண்டியை நேராக மேட்டுக்கு ஏற்றுங்கள்; ஏறாது என்றால் வண்டியை விட்டு நீங்கள் ஏறுங்கள். ஓடும் வெள்ளத்தைக் கடக்க முயல வேண்டாம், சில மணி நேரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். கூடாரத்தை ஓடைக்குள் போடுவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

வெப்பத்தில் ஒருவர் சோர்ந்து, வியர்த்து, தலை சுற்றுகிறது என்றால் நிழல், தண்ணீர், உப்பு போதும். பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்பத்தாக்கு. உடைகளைத் தளர்த்தி, இருக்கும் தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே அவசர அழைப்பை அனுப்புங்கள்.

பழைய யுரேனியச் சுரங்கங்களின் வாயில்கள் பல இடங்களில் தென்படும். உள்ளே போகாதீர்கள். ரேடான் வாயு, ஆக்சிஜன் குறைந்த காற்று, உளுத்த தாங்குமரங்கள் எல்லாம் அங்கே காத்திருக்கின்றன. வெளியே குவிந்திருக்கும் கழிவுக் கற்களின் மேல் கூடாரம் அடிப்பதும், நினைவுப்பொருளாக ஒரு கல்லை எடுத்துப் பையில் போடுவதும் வேண்டாம்.

## நிலத்துக்கு மரியாதை

தடத்தின் ஓரத்தில் கறுத்து, மேடுபள்ளமாகத் தெரியும் மண் உயிருள்ள மேலோடு: சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் சேர்ந்து மணலைப் பிடித்துவைத்திருக்கிறது. ஒரு சக்கரம் உருண்டால் மீண்டுவரப் பல பத்தாண்டுகள். எதிரே வண்டி வந்தால் வெறும் பாறையிலோ ஓடை மணலிலோ ஒதுங்குங்கள். இடமில்லையென்றால் ஒருவர் பின்வாங்கட்டும். பக்ஹார்ன் வாஷில் உள்ள பழங்குடியினரின் பாறை ஓவியங்களைத் தொடக் கூடாது, கை எண்ணெய் நிறமிகளைக் கெடுக்கும். மாட்டு வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். கழிவுக்கென்று விற்கும் பைகளைக் கொண்டுபோய் நிரப்பித் திரும்ப எடுத்துவர வேண்டும். இந்த வறட்சியில் புதைத்தது மக்குவதில்லை.

## திரும்பிய பிறகு

டிரெய்லர் நிறுத்திய இடத்துக்கு வந்ததும் முதலில் வீட்டில் நேரம் குறித்து வைத்திருப்பவருக்குத் தகவல் சொல்லுங்கள். பசியில் ஹோட்டலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு இதை மறந்ததால் ஷெரிஃப் ஆட்கள் வீணாக அலைவது உண்டு.

மறுநாள் ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்கு உட்புறக் குழாயில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் புழுதி தெரிந்தால் ஃபில்டர் ஓரத்தில் கசிந்திருக்கிறது. எண்ணெயை உடனே மாற்றிவிட்டு ஏர்பாக்ஸ் சீலைச் சரிபாருங்கள். சக்கர நட்டுகளை மீண்டும் ஒருமுறை முறுக்கி, சி.வி. உறைகளில் கிழிசல் இருக்கிறதா என்று விரலால் தடவி, திரி போட்ட டயரில் காற்று நிற்கிறதா என்று இரண்டு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் திரி போட்ட டயரை அடுத்த பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள், புதிதாக மாற்றிவிடுங்கள்.